மேலே ஒரு ரெண்டு

எங்கள் வீட்டில் என்னை அரை நாஸ்திகன் என்று சொல்வார்கள். கோயிலுக்குப் போகிறேன், விபூதி இட்டுக்கொள்கிறேன், அமாவாசைத் தர்ப்பணம் ஒன்றைக்கூட விட்டதில்லை. ஆனால் எதை எழுதினாலும் தலையில் பிள்ளையார் சுழி போடமாட்டேன். பெண்ணின் கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி எழுதினபோதும் போடவில்லை. என் மனைவி காகிதத்தைப் பிடுங்கித் தானே ஒரு 'உ' போட்டுவிட்டு, "என்ன வீம்போ இது" என்று முணுமுணுத்தாள். வீம்பு என்றே அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். காரணம் ஒரு மனுஷர். அவர் பேரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதி ஒட்டுகிற வேலையை ஒரு தடவை செய்து பார்த்தாயிற்று, அது போதும்.

யுத்த காலம் அது. நான் பம்பாய் மாதுங்காவில் ஒண்டுக் குடித்தனம் இருந்துகொண்டு, கோட்டைப் பக்கத்தில் ஒரு துப்பாக்கிக் கடையில் குமாஸ்தா வேலை பார்த்தேன். லைசென்ஸ் பதிவுப் புஸ்தகம் எழுதுவது, கடிதம் டைப் அடிப்பது. நான் சொன்ன அந்த மனுஷருக்கு அதே கடையின் பின்கட்டில் வேலை. தாராவியிலிருந்து வருவார். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைத் துடைத்து, அடியில் புதுக் கேப்பு வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, வாயில் குண்டைப் பொருத்தி மறுபடியும் தோட்டாவாக்கித் தருவார். சீமைத் தோட்டா வருவது நின்றுபோயிருந்ததால் வேட்டைக்காரப் பெரிய மனிதர்கள் எல்லாரும் காலிக் கூடுகளைப் பொறுக்கி மூட்டை கட்டிக்கொண்டு அவர் வாசலில் வந்து நின்றார்கள். கடை முதலாளி சேட்டுக்கு இருந்த மரியாதையில் பாதி அந்தப் பின்கட்டிலிருந்து வந்தது. சேட்டுக்கும் அது தெரியும், வெளியே சொல்லமாட்டார்.

அவரை நான் அண்ணாச்சி என்பேன். என்னை அவர் அய்யரே என்பார். தாராவியில் அவருக்கு மருந்துக்காரர் என்று பேர். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் அதைக் கேட்டுவிட்டு, கம்பவுண்டர் போலிருக்கிறது என்று காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். இது அந்த மருந்து இல்லை தாயி என்று சொல்லி, அவரே குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தர்ம ஆஸ்பத்திரிக்கு நடப்பார். குர்லாவில் ஒரு போலீஸ் ஹவல்தார் என்ன வேலை என்று கேட்டதற்கு, தெரிந்த மராத்தியில் 'தாரூ' நிரப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மராத்தியில் வெடிமருந்துக்கும் தாரூதான், சாராயத்துக்கும் தாரூதான். அந்த ஹவல்தார் ஒரு மாசம் இவரைக் கண்டால் பல்லைக் காட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தானாம். இவரோ பீடியைக்கூடத் தொடாதவர். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அவருக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டு. 'சுமாரா.' நாங்கள் சாப்பிடுகிற ஓட்டலில் பரிமாறுகிறவன் ஒரு நாள் சாதத்தை எடுத்துக்கொண்டு வந்து, சுமாரா போடட்டுமா என்று கேட்டுவிட்டான். இலையை மூடிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு கரண்டியா, ரெண்டு கரண்டியா, அதைச் சொல்லிப்போட்டுப் போடு என்றார். அவன் பயந்துபோய் இரண்டு என்றான். பிறகுதான் இலையைத் திறந்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இதென்ன அண்ணாச்சி, சோறு வெடிக்குமா என்றேன். பழகின வாய் வேலையிலயும் அதையே சொல்லிரும் அய்யரே என்றார்.

டின்னில் என்ன எழுதியிருந்தாலும் நம்பமாட்டார். சீமை முத்திரை இருந்தாலும் சரி, சேட் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் சரி, புது டின்னைத் திறந்ததும் ஒரு சிட்டிகை எடுத்து ஓட்டுச் சில்லின் மேல் வைத்து நெருப்புக் காட்டுவார். குனிந்து பார்ப்பார். சட்டென்று எழும்பி அணைகிறதா, நின்று எரிகிறதா, என்ன வாடை, அடியில் என்ன மிச்சம். "கண்ணு ஏமாத்தும். நெருப்பு ஏமாத்தாது" என்பார். யுத்த காலத்துச் சரக்கு எல்லாம் ஒரே மாதிரித் தகர டின்னில் மாற்றி அடைத்து வந்துகொண்டிருந்தது. என் கண்ணுக்கு எல்லாம் ஒரே சாம்பல் நிறக் குருணைதான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்தத் தோட்டா கட்டினாலும் முதல் தோட்டாவை அவரேதான் சுடுவார். சேட் வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டார். நான் போட்டது, மொதல்ல என் மூஞ்சிக்குப் பக்கத்துல வெடிக்கட்டும் என்பார். இதைப் பெருமையாகச் சொல்லிக் கேட்டதில்லை. காலையில் பல் தேய்க்கிறேன் என்று சொல்வது போலச் சொல்வார்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எண் மட்டும் தெரியும். அதுவும் பழைய தமிழ் எண். சின்ன வயசில் ஒரு பலசரக்குக் கடையில் தராசு பிடித்தபோது எடைக்கல்லோடு சேர்த்துக் கற்றுக்கொண்டது. பஸ் நம்பரை எல்லாம் பார்த்துப் பழகி அடையாளம் சொல்லிவிடுவார், ஆனால் மருந்து விஷயத்தில் நம் எண்தான் வேண்டும் அவருக்கு. ஒன்றுக்கு ௧, இரண்டுக்கு ௨. எழுத்து தெரியாததால் ஊரிலிருந்த அவர் சம்சாரத்துக்கு மாசா மாசம் நான்தான் கடுதாசி எழுதிக் கொடுப்பேன். முதல் தடவை நான் சுழி போட்டுவிட்டு ஆரம்பித்ததும் கையைப் பிடித்தார்.

"இது என்ன அய்யரே, எடுத்த எடுப்புலயே மேல ரெண்டுன்னு போடுதீரு? ஒண்ணாம் கடுதாசி எங்க?"

நான் சிரித்துவிட்டேன். இது எண் இல்லை, பிள்ளையார் என்று விளக்கினேன். உற்றுப் பார்த்தார். பிள்ளையாருக்கு ரெண்டாம் நம்பர்னு இன்னைக்குத்தான் தெரியும் என்றார். அன்றைக்கு ஆரம்பித்த வேடிக்கை, பிறகு வழக்கமாகிவிட்டது. நான் காகிதத்தை எடுத்தால் போதும், "மேல ரெண்டு போட்டாச்சா?" என்பார். போட்டாச்சு என்பேன். அப்புறம்தான் சேதி சொல்லத் தொடங்குவார்.

துறைமுகத்தில் கப்பல் வெடித்த வருஷம் அது. அதற்கப்புறம் ஊருக்குள் வெடிமருந்து என்று சொல்லவே எல்லாருக்கும் நடுக்கம். சேட் பின்கட்டைக் காலி செய்து, செம்பூருக்கு வெளியே மலையடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகை பிடித்தார். நாங்கள் இரண்டு பேரும் குர்லாவில் இறங்கி நடப்போம். இனி ஒவ்வொரு டின்னிலும் இங்கிலீஷில் பதிவு விவரம் எழுதி ஒட்டவேண்டும் என்று உத்தரவாயிற்று. அது என் வேலை. அவருக்காகக் கீழே பெரிதாகத் தமிழ் எண்ணையும் போட்டுக் கொடுத்தேன். ௧ என்றால் பறவை சுடுகிற தோட்டாவுக்கான மருந்து, சுள்ளி போலக் குபீரென்று எரிவது. அதற்குச் சுள்ளி மருந்து என்று பேர் வைத்திருந்தார். ௨ என்றால் ரைபிளுக்கானது, நின்று எரிகிற கட்டை மருந்து.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. நான் எழுதி ஒட்டின டின்னிலிருந்தும் அவர் சிட்டிகை எடுத்துக் கொளுத்திப் பார்ப்பதைக் கண்டு எனக்குச் சுருக்கென்றது. பி.ஏ. படித்தவன் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன், இந்த மனுஷர் நெருப்பு வைத்துச் சரிபார்க்கிறாரே என்று. ஏன் அண்ணாச்சி, என் எழுத்து மேலயும் உங்களுக்கு நம்பிக்கை இல்லையா என்று கேட்டேன். ஒரு தடவை கேட்டிருந்தால் சரி, மூன்று நாலு தடவை கேட்டேன், குத்தலாகவே கேட்டேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. உமக்கு மனசுக்குக் கஷ்டமா இருக்குன்னா விட்டுருதேன் அய்யரே என்றார். விட்டுவிட்டார். சேட்டையும் சீமைக்காரனையும் நம்பாதவர், என் மனசு நோகக்கூடாது என்று என்னை நம்பினார்.

மழைக்காலம் தொடங்கின சமயத்தில் ஒரு சமஸ்தானத்துச் சின்ன ராஜா ஒரு ரைபிளைக் கொண்டுவந்தார். அமெரிக்கச் சரக்கு. ஆட்டோமேட்டிக். ஒவ்வொரு தடவையும் கையால் இழுக்கவேண்டாம், சுட்டதும் தானே காலிக் கூட்டைத் துப்பிவிட்டு அடுத்ததை ஏற்றிக்கொள்ளும். பன்றி வேட்டைக்குப் பத்துத் தோட்டா வேண்டும் என்றார். பம்பாயிலேயே அந்த மாதிரி நாலு துப்பாக்கி இருந்தால் அதிகம். அண்ணாச்சி அதைக் கழற்றித் துணியில் பரப்பி வைத்துக்கொண்டு மூன்று நாள் யோசித்தார்.

எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். மற்றத் துப்பாக்கியில் நாம் கையால் தாழ்ப்பாளைத் திறக்கிறோம், இதிலே மருந்து எரிகிற வேகமே தாழ்ப்பாளைத் திறக்கிறது. அதனால் எந்த மருந்து என்பதுதான் எல்லாம். கரிமருந்து போட்டால் புகைக்கரி படிந்து, நாலாவது தோட்டாவுக்குள் தொண்டை கட்டிக்கொள்ளும். கட்டை மருந்தையே குறைத்துப் போட்டால் தாழ்ப்பாள் பாதியில் நிற்கும், பன்றி எதிரே வரும்போது துப்பாக்கி வாயைத் திறந்துகொண்டு சும்மா இருக்கும். சுள்ளி மருந்தை மட்டும் போடவே கூடாது. "புளியங்கட்டை வைக்க வேண்டிய அடுப்புல சுள்ளியை அள்ளித் திணிச்சா என்ன ஆகும்? சோறு வேகாது, பானை வெடிச்சிரும்" என்றார். நின்று எரிகிற ரெண்டாம் மருந்துதான் இதற்கு என்று முடிவு செய்தார்.

ரெண்டாம் மருந்து கையிருப்பில் இல்லை. சேட் புதிதாக டின்கள் அனுப்பினார். முதலில் வந்து இறங்கினது சுள்ளி மருந்து ஒரு டின். புதுப் பதிவுப் புஸ்தகம், அதில் பதியப்போகிற முதல் டின். நல்ல காரியமாக இருக்கட்டும் என்று, அதுவரை எந்த டின்னிலும் போடாத சுழியை மேலே பெரிதாகப் போட்டேன். அதற்குக் கீழே பொடியாக இங்கிலீஷில் எழுதவேண்டியதை எல்லாம் எழுதினேன். கடைசியில் ௧ போடவேண்டும். அந்த நேரம் பார்த்து வண்டிக்காரன் கையெழுத்துக்குக் கூப்பிட்டான். சீட்டை அப்படியே ஒட்டிவிட்டுப் போனேன். போனவன் மறந்தேபோனேன்.

மறுநாள் முற்பகல் மழை கொஞ்சம் விட்டிருந்தது. அவர் உள்ளே தோட்டா கட்டிக்கொண்டிருந்தார். நான் முன்னால் மேஜையில். என்ன அண்ணாச்சி, ரெண்டாம் மருந்து வந்துவிட்டதா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் ரைபிளை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் இருந்த பள்ளத்துக்குப் போனது தெரியும். வழக்கம்போல முதல் தோட்டா.

சத்தம் வேறு மாதிரி இருந்தது. உள்ளே எதையோ பிளந்த மாதிரி. நான் ஓடிப்போனபோது சேற்றில் உட்கார்ந்திருந்தார். ரைபிளின் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஓட்டை. அவர் வலது கண் இருந்த இடத்தை என்னால் இன்றைக்கும் எழுத முடியவில்லை. கையால் அதைப் பொத்திக்கொண்டு, பக்கத்தில் வேற யாருக்கும் படலியே என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றேன்.

"டின்ல ரெண்டுதானே போட்டிருந்தது? போய்ப் பாரும் அய்யரே."

போய்ப் பார்த்தேன். மேலே சுழி. கீழே ஒன்றும் இல்லை. என் பிள்ளையார் அவருக்கு ரெண்டாகத் தெரிந்திருக்கிறார்.

அங்கே நின்றுகொண்டு நான் நினைத்தது அவரைப் பற்றி இல்லை. வேலை போகும், போலீஸ் பிடிக்கும், மாதுங்காவில் தலைகாட்ட முடியாது, ஊரில் அப்பாவுக்கு யார் சொல்வது என்று என்னைப் பற்றியேதான் நினைத்தேன். பேனா சட்டைப் பையில் இருந்தது. எடுத்தேன். சீட்டின் அடியில் பெரிதாக ௧ போட்டேன். மை காய ஊதினேன். அப்புறம்தான் வண்டி பிடிக்க ஓடினேன்.

சாயங்காலம் ஒரு ஹவல்தாரும் சேட்டும் வந்து டின்னைப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் தமிழ் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று சேட் என்னைக் கேட்டார். மேலே இருப்பது எங்கள் சாமி குறி, கீழே இருப்பது ஒன்றாம் நம்பர், பறவைத் தோட்டா மருந்து என்றேன். அந்த நேரத்துக்கு அது உண்மைதான். ஒன்று என்று தெளிவாக எழுதியிருக்கும்போது கண்ணை எங்கே வைத்திருந்தான் என்றார் சேட். எழுதிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் அவரிடம் சேட்டே சொல்லிவிட்டார். நான் போனபோது கண்ணையும் நெற்றியையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஒண்ணுன்னு போட்டிருந்ததாமே என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார். எனக்கு ரெண்டுன்னுதான் தெரிஞ்சது, கீழ எதையும் பார்த்த ஞாபகமே இல்ல என்றார். பிறகு, அப்ப என் கண்ணுதான் கெட்டுப்போச்சு போல என்றார். அதிலிருந்து ஆள் மாறிப்போனார். டம்ளர் தண்ணீரைக் கையில் கொடுத்தால்கூட, இது தண்ணிதானே என்று கேட்டுவிட்டுக் குடிப்பார். இனிமே எதைத் தொட்டாலும் சுமாராத்தான் இருக்கும் என்றார் ஒரு நாள். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்தே வந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோழைக்கு எல்லா நாளும் நாளைக்குத்தான்.

சேட் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். ஒற்றைக் கண்ணனை, அதுவும் எண்ணைத் தப்பாகப் படிக்கிறவனை, எந்தத் துப்பாக்கிக் கடைக்காரன் உள்ளே விடுவான்?

ஊருக்குத் திரும்புகிறதற்கு முந்தின வாரம் சொல்லி அனுப்பினார். தாராவியில் அவர் ஒற்றை அறைக் கோலிக்குப் போனேன். தகரக் கூரையின் மேல் மழை விழுந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரிக்கு முன்கூட்டியே ஒரு கடுதாசி போட்டுவிட்டால் நல்லது, திடுதிப்பென்று முகத்தைப் பார்த்தால் பயந்துபோவாள் என்றார். நான் பலகையை மடியில் வைத்துக்கொண்டு எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். வேலையில் ஒரு விபத்து, வலது கண் போய்விட்டது, உயிருக்கு ஒன்றும் இல்லை. நடந்தது என் கைப்பிழை, யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. பிள்ளைகள் பயப்படாமல் பார்த்துக்கொள்.

மடிக்கப்போனேன். ஒருக்கக் காட்டும் என்று வாங்கிக்கொண்டார். படிக்கத் தெரியாதவர் அந்தக் காகிதத்தை ஒற்றைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து அப்படிப் பார்த்தார். வரிகளைப் பார்க்கவில்லை. காகிதத்தின் தலையைப் பார்த்தார். அன்றைக்கு அவர் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை, நானும் போடவில்லை. அந்த டின்னுக்கு அப்புறம் என் கைக்கு அது வரவில்லை.

"மேல ரெண்டு போடலியே, அய்யரே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. மழைச் சத்தம் இருந்ததால் பக்கத்துக் கோலிக்குக் கேட்டிருக்காது. அவர் என்னைப் பார்க்கவில்லை, காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டின்னின் மேலே கண்டதையும், கீழே காணாததையும், என் அழுகையையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து நிறுத்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது. பின்பு மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப என் கண்ணு சரியாத்தான் பார்த்திருக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எத்தனையோ நாளாகத் தொலைத்துவிட்டுத் தேடின ஒன்று கைக்குக் கிடைத்தவர் மாதிரி இருந்தார். சேட்டிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று அழுகைக்கு நடுவே சொன்னேன். எதற்கு, கண்ணு முளைக்கவா என்றார். கைப்பிழை என்று எழுதினதையாவது அடித்துவிடுகிறேன் என்றேன். இருக்கட்டும் என்று காகிதத்தை என் மடியில் வைத்தார்.

"மேல மட்டும் அதைப் போடும். கடுதாசி வெடிக்காது."

போட்டேன். சேட்டிடம் சொன்னேனா என்றால், சொல்லவில்லை. அந்தக் கடையிலேயே இன்னும் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். அவரிடமிருந்து அப்புறம் சேதி எதுவும் இல்லை. ஊரில் அவருக்கு யார் கடுதாசி எழுதிக் கொடுத்தார்களோ தெரியாது.

மாதுங்கா தபாலாபீஸில் நானேதான் அந்தக் கடுதாசியைப் பெட்டியில் போட்டேன். அதன் மேலே இருந்ததுதான் நான் கடைசியாகப் போட்ட சுழி. அதற்குக் கீழே 'நடந்தது என் கைப்பிழை' என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தது.